‘டக்’ மட்டும் கேட்கிறது, செல்ஃப் சுற்றவில்லை: கடலோர வண்டியில் இக்னிஷன் சுவிட்ச் வேலை

வண்டி 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் மினி வேன். இரவில் தங்கச்சிமடத்தில் வடகடல் ஓரம் நிற்கும். விடியுமுன் ஐஸ் பெட்டிகளோடு பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போகும். புகார் இதுதான்: காலையில் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஏழெட்டுத் தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும். வெயில் ஏறியபின் தொல்லை குறைவு. ஜம்ப் கொடுத்தால் உடனே எடுக்கிறது. அதை வைத்துப் பேட்டரிதான் போச்சு என்று முடிவுகட்டிப் புதுப் பேட்டரி மாட்டியாகிவிட்டது. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது, பிறகு மறுபடி அதே ‘டக்’.

ஜம்ப் கொடுத்து எடுத்தால் பேட்டரிதான் குற்றவாளி என்று அர்த்தமில்லை. இன்னொரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஜம்ப் கேபிள் போட்டால் நம் வண்டிக்கு 13.5 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கிறது. வழியில் சுவிட்ச் மூன்று வோல்ட்டை விழுங்கினாலும் சோலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் காந்தச் சுவிட்ச்) பத்துக்கு மேல் போய்ச் சேர்ந்துவிடும். புதுப் பேட்டரியும் அப்படித்தான். பழையதைவிட அரை வோல்ட் கூடுதலாகத் தந்து நோயைக் கொஞ்ச நாள் மூடிவைக்கும்.

இந்தக் கரையில் பழுது பார்க்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். தீவில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்போடுதான் வரும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல், வாடைக்குத் திரும்பினால் வடகடல். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். பகலில் காய்ந்து கிடக்கும் உப்புத்தூள் விடியற்காலையில் உப்புநீர்ப் படலமாக மாறி, செம்பு, பித்தளைப் பரப்புகளில் களிம்பு ஏற்றுகிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு கிளை வைத்திருப்பது சும்மா இல்லை. காலையில் மட்டும் வரும் பழுதைக் கேட்டாலே ஈரத்தைச் சந்தேகிக்கலாம். இந்த வண்டியில் அதோடு ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

முதலில் அளவு, அப்புறம் திருப்புளி

தேவையானவை: மல்டிமீட்டர், ஊசி முனையுள்ள புரோப், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று ஹோல்டரோடு, பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று (55 வாட்), இரண்டு மீட்டர் வயர், சாவி திருப்ப ஓர் ஆள். எல்இடி டெஸ்டர் வேண்டாம். அது மில்லி ஆம்பியரிலேயே எரிந்துவிடும். உள்ளே ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் ‘கரண்ட் வருது’ என்று சொல்லும். மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்ப்பதும் இதே ஏமாற்றுதான். கழற்றிய சுவிட்சில் பீப் கேட்டது என்பதற்காக நல்ல சுவிட்ச் என்று திருப்பி மாட்டிய வண்டிகள் ஏராளம். சுவிட்சை லோடு கொடுத்து, அதாவது கரண்ட் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் மேலே. பேட்டரி ஓய்வில் 12.58 வோல்ட், அதாவது நிறைவாக இருக்கிறது (12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்). மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது ஒவ்வொரு இடமாக எடுத்த அளவு:

பேட்டரி பாசிட்டிவ்: 12.3
சுவிட்ச் கப்ளரில் (வயர்கள் சுவிட்சில் செருகும் இணைப்பு) பேட்டரி வயர்: 12.1
அதே கப்ளரில் ஸ்டார்ட் வயர்: 8.5
சோலினாய்டின் சின்ன முனை: 7.9

கதை இங்கேயே முடிந்துவிட்டது. பேட்டரி 12.3-க்குக் கீழே இறங்கவே இல்லை என்றால் செல்ஃப் மோட்டார் கரண்டே எடுக்கவில்லை. பேட்டரி பலவீனமாக இருந்தால் ‘டக்’ வரும்போது ஒன்பது, எட்டு என்று சரிந்து, டாஷ் விளக்கெல்லாம் மங்கும். இங்கே மங்கவில்லை. சுவிட்சுக்குள் நுழைவது 12.1, வெளியே வருவது 8.5; 3.6 வோல்ட் சுவிட்சுக்குள்ளேயே செத்துப்போகிறது. அங்கிருந்து சோலினாய்டு வரை உள்ள வயரில் இன்னொரு 0.6. எட்டு வோல்ட்டில் சோலினாய்டின் பிளஞ்சர் அசையும், ‘டக்’ என்னும், ஆனால் உள்ளேயுள்ள பெரிய தாமிர முனைகளை அழுத்தி மூடும் பலம் இருக்காது.

சின்ன வண்டிக்கும் சோலினாய்டு இழுக்கும் முதல் கணத்தில் பத்து ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். பத்து ஆம்பியரில் 3.6 வோல்ட் விழுந்தால் காண்டாக்டின் தடை 0.36 ஓம், அங்கே எரிவது 36 வாட். சால்ட்ரிங் அயர்ன் சூடு அது. ஒவ்வொரு தடவையும் ‘இன்னொரு தரம் திருப்பு’ என்று திருப்பும்போது சுவிட்சின் நைலான் உடம்புக்குள் ஓர் அயர்னை வைத்து எடுக்கிறோம். களிம்பு தடையைக் கூட்டுகிறது, தடை சூட்டைக் கூட்டுகிறது, சூடு ஸ்பிரிங்கைத் தளர்த்துகிறது, தளர்ந்த ஸ்பிரிங் தடையை இன்னும் கூட்டுகிறது. தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவு: நல்ல சுவிட்சில் லோடு இருக்கும்போது உள்ளே-வெளியே வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள். 0.5 தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். எர்த் பக்கத்தையும் விடாதீர்கள்: செல்ஃப் சுற்றும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.3-க்கு மேல் காட்டினால் எர்த் பட்டை அரித்திருக்கிறது. இந்த ஊரில் பத்தில் பாதி ‘சுவிட்ச் கம்ப்ளெயிண்ட்’ கடைசியில் எர்த் பட்டையில் போய் முடியும் என்பது நம் கணிப்பு. இந்த வண்டியில் சுற்றிய ஓரிரு தடவையில் 0.15. தப்பித்தது.

மற்ற அறிகுறிகளும் சுவிட்சைக் கைகாட்டும். செல்ஃப் சுற்றி இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது என்றால், ஆன் நிலைக் காண்டாக்ட் தீய்ந்திருக்கிறது. ஸ்டார்ட் நிலையில் மட்டும் வேறு தடத்தில் கரண்ட் போகிறது. இதற்கு நேர் எதிர், சுற்றிச் சுற்றிப் பிடிக்காமல் சாவியை விடும் நொடியில் ஒரு குமுறு குமுறுகிறது என்றால், ஸ்டார்ட் நிலையில் இக்னிஷன் முனைக்குக் கரண்ட் வரவில்லை. சாவியை ஆட்டினால் வைப்பர் நின்று நின்று ஓடுவதும் சுவிட்ச்தான். ஸ்டார்ட் அடிக்கும்போது ரேடியோவும் புளோயரும் நிற்பது பழுதல்ல. அந்தத் தடத்தை வேண்டுமென்றே வெட்டுகிறார்கள். டாஷில் சாவிப்படம் போட்ட விளக்கு விடாமல் மினுக்கினால் அது இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சமாச்சாரம், இந்தப் பதிவுக்கு வெளியே.

கழற்றுதல்

பேட்டரி நெகட்டிவை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால் அதன்பின் சில நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் ஸ்டியரிங் பக்கம் கை வைக்க வேண்டும். இந்த வேனில் ஏர்பேக் இல்லை.

ஸ்டியரிங் கவரின் ஸ்க்ரூக்கள் கீழிருந்து. ஒன்று துருவில் பிடித்திருந்தது. சின்ன ஸ்டார் திருப்புளியை வைத்துத் திருகினால் தலை மழுங்கும். துரு நீக்கி இரண்டு சொட்டு விட்டு இருபது நிமிடம் விடுங்கள், பிறகு 2-ஆம் நம்பர் ஸ்டாரைப் பொருத்திக் கைப்பிடியில் ஒரு தட்டு தட்டித் திருப்புங்கள். வந்துவிடும்.

கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டு நாக்கை அழுத்தி, உடம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். எடுத்ததும் முகத்தைப் பாருங்கள்: இந்த வெள்ளைக் கப்ளரில் பேட்டரி வயர் முனையைச் சுற்றி டீக்கறை நிறத்தில் ஒரு வளையம். உள்ளே இருந்த பெண் முனை வாய் பிளந்து, ஆண் முனையில் தளர்வாக உட்கார்ந்திருந்தது. புதுச் சுவிட்சைத் தீய்ந்த கப்ளரில் செருகினால் ஆறு மாதத்தில் அதுவும் தீயும். முனையை மாற்றியே ஆக வேண்டும்.

கப்ளருக்குப் பின்னால் வயர்க்கட்டில் தடித்த கறுப்பு டேப் சுற்று. பிரித்தால் உண்மையான காரணம். எக்ஸ்ட்ரா பனி விளக்கு இரண்டுக்கும் இக்னிஷன் வயரின் தோலைக் கீறி, கம்பியை முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். இரண்டு 55 வாட் பல்பு என்றால் 110 வாட், ஒன்பது ஆம்பியருக்கு மேல். அத்தனையும் ஓட்டும் நேரமெல்லாம் சாவி சுவிட்சுக்குள் நுழையும் ஒரே பேட்டரி முனை வழியாக. முறுக்கின இடத்தில் கம்பி பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. களிம்பு இன்சுலேஷனுக்குள்ளும் ஏறும்; தோலை ஓர் அங்குலம் உரித்துப் பார்த்துக் கம்பி கறுத்திருந்தால், செம்பு நிறம் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இங்கே ஐந்து அங்குலம் போயிற்று.

இனிச் சுவிட்ச். சாவி போடும் பூட்டும் மின்சுவிட்சும் இரண்டு தனிப் பொருள்கள். பூட்டு ஸ்டியரிங் தண்டில் தலை முறிந்த போல்ட்டுகளால் பிடித்திருக்கும். அதைத் தொட வேண்டியதில்லை. மின்சுவிட்ச் பூட்டின் முதுகில் ஒன்றிரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும். சாவியை லாக் நிலையில் வைத்துத்தான் கழற்ற வேண்டும். பூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தட்டை நாக்கு எந்தத் திசையில் நிற்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சுவிட்சின் காடி அதே திசையில் இல்லாமல் அழுத்தினால் நாக்கு பிசகும், சாவி ஸ்டார்ட் வரை போகாது.

கடையில் முழு லாக் செட்டை எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். அதை மாட்டினால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று கடைசிவரை இரண்டு சாவி தூக்க வேண்டும். ‘பின்னால் வரும் எலக்ட்ரிக் சுவிட்ச் மட்டும்’ என்று பழையதைக் காட்டிக் கேளுங்கள். பழைய மாடல்களுக்குச் சில நூறு ரூபாயில் முடியும்.

திறந்து பார்த்தது

ரிவெட் அடித்த சுவிட்சைத் திறக்க முயல்வது வீண். இது நைலான் நாக்குகளில் பிடித்திருந்த வகை. கண்ணாடிபோல் தெரியும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையைவிட்டுத் திறந்தோம், ஏனென்றால் உள்ளே நிலை பிடிக்கும் சின்ன எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் தெறிக்கும். வேன் தரையில் விழுந்தால் மீன் செதிலோடு செதிலாகப் போய்விடும்.

கிரீஸ் தார் போல இறுகியிருந்தது. சுழலும் செம்புத் தகட்டில் மூன்று மேடுகள். ஏசிசி (ரேடியோ போன்றவற்றுக்கான நிலை) மேடு சற்று மங்கல், அவ்வளவுதான். இக்னிஷன் மேட்டில் நீலம் பாய்ந்த சூட்டுத் தடம். ஸ்டார்ட் மேடு கறுத்து, நடுவில் அம்மைத் தழும்பு போலக் குழி. அது உட்காரும் எதிர்முனை நைலானுக்குள் அரை மில்லி அளவுக்கு அமிழ்ந்திருந்தது. நைலான் உருகி முனை இறங்கிவிட்டால் சுத்தம் செய்து பயனில்லை. ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் மேடு அதை முழுதாகத் தொடாது.

முனை இறங்காமல் களிம்பு மட்டும் இருந்தால் காப்பாற்றலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பழைய கிரீஸை முழுக்கக் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர், கார்புரேட்டர் கிளீனர் மூன்றும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. 600 உப்புத்தாளில் மெதுவாக, பிறகு 1000-இல் ஒரு பூச்சு. உப்பு பண்ணின வேலையை எடுக்க உப்புத்தாள் போதும், அரம் வேண்டாம். தகடு மெலிந்தால் அழுத்தம் குறையும். கடைசியில் மின்காண்டாக்டுக்கான டைஎலக்ட்ரிக் கிரீஸை விரல் நுனியில் தடவிய அளவுக்கு. ஆனாலும் இது புதுச் சுவிட்ச் கைக்கு வரும் வரைக்கான ஏற்பாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச் சுவிட்சையும் மாட்டுமுன் மேசையில் சோதியுங்கள். பேட்டரி பாசிட்டிவ், சுவிட்சின் பேட்டரி முனைக்கு; இக்னிஷன் முனையிலிருந்து 55 வாட் ஹெட்லைட் பல்பு வழியாக நெகட்டிவுக்கு. நாலரை ஆம்பியர் ஓடும். இரு முனைகளுக்கும் குறுக்கே மீட்டர்: 0.05-க்குள் காட்டினால் சரி. பழைய சுவிட்ச் இதே சோதனையில் 0.4 காட்டியது, பல்பு பிரகாசமாகத்தான் எரிந்தது. பிறகு நிலைகளைச் சரிபாருங்கள்: லாக்கில் எதுவும் இல்லை, ஏசிசியில் ஏசிசி மட்டும், ஆனில் ஏசிசியும் இக்னிஷனும், ஸ்டார்ட்டில் இக்னிஷனும் ஸ்டார்ட்டும். வயர் நிறத்தை நம்பி இணைக்க வேண்டாம். பல கை பட்ட வண்டியில் நிறம் எதையும் சொல்லாது.

சுமையை இறக்குதல்

புதுச் சுவிட்ச் மட்டும் போட்டு ஸ்டார்ட் அடித்தபோது, பேட்டரி 10.4 இருக்கையில் சோலினாய்டுக்கு 9.7 போனது. வண்டி எடுக்கும். ஆனால் பழைய ஸ்டார்ட் வயர் விழுங்குவது அப்படியே இருக்கிறது, சுவிட்சும் தினம் பத்து ஆம்பியரை வெட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு ரிலே, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் காந்தச் சுவிட்ச். நான்கு கால், 12 வோல்ட், 40 ஆம்பியர்.

சுவிட்சிலிருந்து வரும் ஸ்டார்ட் வயர் ரிலேயின் 86 எண் காலுக்கு. 85 எர்த்துக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 4 சதுர மில்லி வயர் 30-ஆம் காலுக்கு. 87-இலிருந்து அதே தடிமனில் சோலினாய்டு முனைக்கு. 85-ஐயும் 86-ஐயும் மாற்றிப் போட்டாலும் சாதாரண ரிலே ஓடும். உள்ளே டயோடு உள்ள ரிலே என்றால் டயோடு போய்விடும், அதனால் முறையாகவே போடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். இனிச் சாவி சுவிட்ச் சுமப்பது ரிலேயின் சுருள் கேட்கும் 0.15 ஆம்பியரை மட்டும். ரிலேயைக் கால்கள் கீழ் பார்க்க மாட்டுங்கள்; மேல் பார்த்தால் அதுவே தண்ணீர்க் கிண்ணம்.

வயர் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், படகு வேலைக்குப் பயன்படுத்துவது. தீம்பிளை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) கிரிம்ப் அடித்து, ரோசின் ஈயம் கொஞ்சம் ஓடவிட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். ஆசிட் வைத்துப் பற்றவைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. டேப் மட்டும் சுற்றுவது உப்பு ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டுவதுதான்.

பனி விளக்குகளுக்குத் தனி ரிலே, தனி 15 ஆம்பியர் ஃபியூஸ், கரண்ட் நேராகப் பேட்டரியிலிருந்து. இக்னிஷன் வயர் அந்த ரிலேயின் சுருளுக்கு மட்டும்.

எர்த் போல்ட்டுகளைக் கழற்றி, பெயிண்ட் போக இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கினோம். கிரீஸ் முறுக்கிய பிறகு மேலே; முதலிலேயே உள்ளே பூசக்கூடாது. பேட்டரி முனையில் பூத்ததைச் சமையல் சோடா ஒரு கரண்டி போட்ட ஒரு டம்ளர் தண்ணீரில் கழுவலாம். தண்ணீர் காவிரிக் குழாய்த் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும். கிணற்று உவர்நீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசின கதை.

சாவித் துவாரத்துக்கு வருவோம். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் தனுஷ்கோடி மணல் எல்லா வண்டிக்குள்ளும் இருக்கிறது. சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது இங்கே வழக்கம். அன்றைக்கு வழுக்கும், பிறகு மணலோடு குழைந்து சாந்தாகிவிடும். சைக்கிள் பம்பால் ஊதிவிட்டுக் கிராஃபைட் தூள் போடுங்கள். இல்லையென்றால் 6பி பென்சிலைச் சாவியின் பற்களில் தேய்த்து நாலைந்து முறை விட்டு எடுங்கள். சங்கு கோத்த கனமான சாவிக்கொத்தையும் கழற்றிவிடலாம். பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது தொங்கி ஆடிப் பூட்டைத்தான் தேய்க்கிறது.

முடித்தபின் அளவு: செல்ஃப் சுற்றும்போது பேட்டரி 10.4, சோலினாய்டு முனை 10.2. பனி விளக்கை எரியவிட்டு ஆன் நிலையில் சுவிட்சின் உள்ளே-வெளியே வித்தியாசம் 0.04. அரை மணி நேரம் ஓட்டியபின் கப்ளரைத் தொட்டால் சூடே இல்லை.

கவரை மூடுமுன் இன்னொரு சோதனை. சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பி மெதுவாக விட்டால், தானே ஆனுக்குத் துள்ளி வர வேண்டும். சோம்பலாக வந்தாலோ நடுவில் நின்றாலோ மூடாதீர்கள். இன்ஜின் ஓடும்போதும் செல்ஃப் பல்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக் கருகிவிடும், ரிலே போட்டிருந்தாலும் இதற்குக் காவல் கிடையாது. இந்த வண்டியில் முதல் தடவை சோம்பலாகத்தான் வந்தது. சுவிட்சின் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தோம். கால் சுற்றுத் தளர்த்தியதும் துள்ளியது.

வாடைக் காலம் முடிந்து தை பிறந்ததும் கவரைக் கழற்றிக் கப்ளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். டீக்கறை வளையம் மறுபடி தெரிந்தால் முதலில் கப்ளருக்குள் பேட்டரி வயர் முனையின் பிடிப்பைச் சோதிக்கவும்.